கான்ஸ்டன்டைனும் நம்ம ஊர் மாடனும்: புது ஹெல்பிளேசர் இதழ்களைப் படிக்கலாமா?

"அண்ணாச்சி, சின்ன வயசுல உங்க வீட்டு மச்சில உக்காந்து இரும்புக்கை மாயாவி படிச்ச பய நான். இப்ப சென்னையில கூட வேலை பாக்கிறவன் ஒருத்தன் ஹெல்பிளேசர் புது இதழ்களைப் படி படின்னு உயிரை வாங்குதான். பழசு மட்டும் 300 இதழ் இருக்காமே, அது தெரியாம இது புரியுமா? அதுவும் போக, பேய்க்கதைன்னா நாம கொடையில கேக்காததா? வெள்ளைக்காரன் என்னத்தப் புதுசாச் சொல்லிரப் போறான்?"

நாங்குநேரிப் பக்கத்துத் தம்பி ஒருத்தன் கேட்டிருக்கிறான். ஹெல்பிளேசர் என்பது ஜான் கான்ஸ்டன்டைன் என்கிற மந்திரக்காரனைப் பற்றிய ஆங்கிலப் பேய்க் காமிக்ஸ். முதல் கேள்விக்குப் பதில் சுருக்கம்தான். 2019 நவம்பரில் தொடங்கி 2020 நவம்பரில் முடிந்த 12 இதழ்களைத் தாராளமாகப் படி. பழைய 300 தெரிந்திருக்க வேண்டியதில்லை. 2024இல் வந்த தொடர்ச்சியை அதற்கு அப்புறம், பொறுமை இருந்தால் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது கேள்விதான் என்னை ராத்திரி முழுக்க உட்கார வைத்துவிட்டது. நீ கேலியாகக் கேட்டாய். ஆனால் பேய்க் காமிக்ஸ் எது தேறும், எது தேறாது என்று பார்க்க என்னிடம் இருக்கிற ஒரே அளவுகோல் நம்ம ஊர்க் கோயில் திருவிழாவான கொடையில் கிடைத்ததுதான்.

நீலி கதையை எடுத்துக்கொள். இசக்கி கோயில்களில் வில்லுப்பாட்டில் கேட்டிருப்பாய். புருஷன் கையால் செத்த பெண், மறுபிறவியில் அவனைத் தேடி வருகிறாள். கள்ளிக்கட்டையைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்திருக்கிறாள். வந்த உடனே பாய்ந்து குரல்வளையைக் கடித்திருந்தால் கதை பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். அவள் என்ன செய்கிறாள்? ஊர்ப் பெரியவர்கள் 70 பேர் முன்னால் போய் நின்று வழக்குப் பேசுகிறாள். "இவர் என் புருஷன், என்னைச் சேர்த்துவைக்கச் சொல்லுங்கள்" என்கிறாள். கட்டைப் பிள்ளை அவனைப் பார்த்து "அப்பா" என்கிறது. அவன் கதறுகிறான். பெரியவர்கள் "உன் உயிருக்கு எங்கள் உயிர் ஜாமீன்" என்று சொல்லி ஒரே வீட்டில் அடைக்கிறார்கள். விடிந்ததும் அவன் பிணம். சொன்ன சொல்லுக்காக 70 பேரும் தீயில் இறங்குகிறார்கள். இதில் நம்மை நடுங்க வைப்பது அவளுடைய நகமா பல்லா? அவள் பக்கம் நியாயம் இருக்கிறது, அந்த நியாயத்தை ஊரே தெரியாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது, அதுதான்.

ஆகவே எனக்கு ரெண்டு கேள்வி. இந்தப் பேய்க்கு ஊர் எது? இதற்கு வழக்கு என்ன? இது ரெண்டுக்கும் பதில் இல்லாத பேய், ஆர்ட்டிஸ்ட் எவ்வளவு கோரமாக வரைந்தாலும், வெறும் முகமூடி.

இந்த அளவுகோலில் கான்ஸ்டன்டைனை வைத்துப் பார்ப்போம். ஆள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஜான் கான்ஸ்டன்டைன், லிவர்பூல்காரன். 1985இல் ஆலன் மூர் எழுதிய, செடிகொடியால் ஆன சதுப்புநிலப் பூதத்தின் கதையான ஸ்வாம்ப் திங் தொடரில் துணைப் பாத்திரமாக வந்தான். படம் போட்ட பிஸெட்டும் டோட்டில்பனும் பாடகர் ஸ்டிங் சாயலில் ஒருத்தனை வரைய ஆசைப்பட்டார்கள், அப்படித்தான் அந்த முகம் வந்தது. கசங்கின கோட்டு, தளர்ந்த டை, வாயில் ஓயாமல் சிகரெட். மந்திரம் தெரியும், ஆனால் மந்திரத்தைவிட வாய்ப்பேச்சால்தான் பிழைக்கிறான். ஏமாற்றுவான், கடன் வைப்பான். கூட நிற்கிற சிநேகிதர்கள் ஒவ்வொருத்தராகச் சாவார்கள், இவன் மட்டும் தப்பித்து வந்து அவர்களை நினைத்துக் குடிப்பான். 1988 தொடக்கத்தில் தனித் தொடர் ஆரம்பித்து 2013இல் 300ஆவது இதழோடு நின்றது. அதில் இவனுக்கு வயசு ஏறிக்கொண்டே வந்தது. நம்ம மாயாவிக்கு 1972இல் முத்து காமிக்ஸில் வந்தபோது என்ன வயசோ இன்றைக்கும் அதே வயசுதான். கான்ஸ்டன்டைனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இங்கே ஒரு கிளைக்கதை சொல்லாமல் தாண்ட முடியாது. 1809இல் திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பியின் கலகத்தின்போது கம்பெனிப் படை ஆரல்வாய்மொழிக் கோட்டையைப் பிடித்தது. அந்தச் சண்டையில் அடிபட்டுச் செத்த ஓர் ஆங்கில அதிகாரியை அங்கிருந்து சுமார் 25 மைல் தள்ளி ஒரு மணற்காட்டில் புதைத்தார்கள். பிறகு அக்கம்பக்கத்து ஜனங்கள் அவரைத் தெய்வமாக வைத்துக் கும்பிடத் தொடங்கிவிட்டார்கள். படையல் என்ன தெரியுமா? சாராயமும் சுருட்டும். இடையன்குடியில் இருந்த கால்டுவெல் 1849இல் அச்சிட்ட ஆங்கில நூலில் இதை எழுதி வைத்திருக்கிறார். செத்துப்போன இங்கிலாந்துக்காரன், குடி, புகை. கான்ஸ்டன்டைனை மூர் உருவாக்குவதற்குக் குறைந்தது 136 வருஷம் முன்னாலேயே நம்ம சீமையில் அவனுக்குப் பீடம் போட்டாயிற்று. நம் ஜனங்களுக்கு அவன் எதிரிப்படையா சொந்தப்படையா என்பது பொருட்டாக இல்லை. அகாலத்தில், அந்நிய மண்ணில், முறை செய்ய ஆள் இல்லாமல் செத்தான். ஊரும் வழக்கும் இருக்கிறது, போதும்.

இனி 12 இதழ்கள். எழுதியவர் சைமன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர். அவருடைய கான்ஸ்டன்டைன் இன்றைய லண்டனில் வந்து விழுகிறான். வேறொரு காலத்தில் நடந்த மந்திரப் போரில் சாகக் கிடந்தவன், தன்னைப்போலவே இருக்கிற ஒரு கிழவனோடு ஒப்பந்தம் போட்டுத் தப்பி வருகிறான். இதெல்லாம் தொடருக்கு முன்னால் வந்த சிறப்பிதழில் நடக்கிறது. எனக்கு அந்தச் சிறப்பிதழ் பிடிக்கவில்லை. வேறு தொடர்களின் கணக்குவழக்கைத் தீர்க்கப் போட்ட இதழ் அது. "கிழவனிடம் கடன்பட்டு வந்திருக்கிறான்" என்கிற ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு முதல் இதழுக்குப் போய்விடு.

முதல் மூன்று இதழ்கள் ஒரே கதை. தெற்கு லண்டனில் பெக்கம் ரை என்று ஒரு பூங்கா. அங்கே கஞ்சா, மாத்திரை விற்கிற கும்பல்காரப் பையன்களை தேவதூதர்கள் வந்து கொல்லுகிறார்கள். கும்பல் தலைவன் கான்ஸ்டன்டைனைப் பிடித்து வந்து துப்பறியச் சொல்லுகிறான். தேவதூதன் ஏன் பூங்காவுக்கு வந்தான்? கவிஞர் வில்லியம் பிளேக் 1760களில் சின்னப் பையனாக அதே பெக்கம் ரையில் ஒரு மரம் நிறைய தேவதூதர்களைப் பார்த்தேன் என்று வீட்டில் போய்ச் சொன்னார். ஸ்பரியர் அந்த மரத்தடியிலிருந்து கதையைத் தொடங்குகிறார். பாடப்புத்தகத்தில் பெருமையாகப் படிக்கிற பிளேக்கின் பசும்புல் இங்கிலாந்து ஒரு பக்கம், அதே புல்லில் வேலையில்லாமல் பாக்கெட் விற்கிற கருப்பினப் பையன்கள் இன்னொரு பக்கம். "இந்தப் பூமி யாருக்குச் சொந்தம்" என்கிற வழக்கில் தேவதூதர்கள் ஏவலாட்களாக வருகிறார்கள். ஊர் இருக்கிறது, வழக்கு இருக்கிறது. மூன்றாம் இதழை மூடும்போது, புதிதாக ஒரு சுடலைமாடன் கோயிலின் தலவரலாறு கேட்ட மாதிரி இருந்தது எனக்கு.

ஆரோன் கேம்பெல் வரைந்த பக்கங்கள் எல்லாம் நிழல்தான். முகங்கள் போட்டோ எடுத்த மாதிரி, ஆனால் சுற்றிலும் மை கொட்டிக் கிடக்கிறது. ஜோர்டி பெல்லேர் வண்ணம். ஒரு பக்கம் முழுக்க நோய்பிடித்த பச்சை, புரட்டினால் ரத்தச் சிவப்பு. வில்லில் தலைமைப் பாட்டுக்காரரான அண்ணாவி ஒரு வரியை நிறுத்துவார், பின்பாட்டுக்காரர் "ஆமா" போடுவார், அந்த இடைவெளியில் குடமும் உடுக்கையும் ஏறும், நமக்கு வயிற்றைப் பிசையும். காமிக்ஸில் அந்த "ஆமா" பக்கம் புரட்டுகிற இடத்தில் இருக்கிறது. கேம்பெல்லுக்கு அது தெரிந்திருக்கிறது. எழுத்து வடிவமைத்தவர் ஆதித்ய பிடிகர், நம் நாட்டுக்காரர். பேச்சுக் குமிழிகளை வைத்தே ஆள் முணுமுணுக்கிறானா, பொய் சொல்லுகிறானா என்று காட்டிவிடுகிறார். எழுத்து வடிவத்தை யாரும் கவனிக்க மாட்டார்கள், நீ கவனி.

சில இதழ்களை மத்தியாஸ் பெர்கரா வரைந்திருக்கிறார். இவர் கோடு வேறு மாதிரி, ரப்பர் மாதிரி இழுபடும், கேலிச்சித்திரச் சாயல். அதனால் சிரிப்பு வருகிற கதைகளெல்லாம் இவர் பங்குக்கு வந்திருக்கின்றன. டாமி வில்லோட்ரீ என்று ஒரு புதுக்கால மந்திரவாதி வருகிறான் பார். இறைச்சி தொடமாட்டான், தாடியைச் சீவி முடிந்திருப்பான், எல்லாரிடமும் அன்பாக, "உங்கள் சக்தி ஓட்டம் சரியில்லை" என்று பேசுவான். கான்ஸ்டன்டைனுக்கு அவனைக் கண்டால் எரிச்சல். நமக்கும் முதலில் எரிச்சல்தான். சிறுதானியக் கஞ்சி குடித்துக்கொண்டு ஆன்லைனில் யந்திரத் தகடு விற்கிறவர்களை நாமும் பார்த்திருக்கிறோமே. ஆனால் ஸ்பரியர் அவனைக் கோமாளியாகவே விட்டுவிடவில்லை. அவன் உள்ளபடியே நல்லவன். அதுதான் கான்ஸ்டன்டைனுக்குத் தாங்கவில்லை.

கடல்கன்னிக் கதை ஒன்று நடுவில் வருகிறது. தொழில் நொடித்துப்போன மீனவர், தன் கஷ்டத்துக்கெல்லாம் வெளிநாட்டார்தான் காரணம் என்று கசந்து கிடக்கிறவர். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகின பிரெக்ஸிட் காலம். அவர் கைக்கு ஒரு கடல்கன்னி அகப்படுகிறாள். மேலே சொல்லமாட்டேன். 12 இதழ்களிலும் என்னை இதுவே ரொம்பத் தொந்தரவு செய்தது. நமக்கு உவரியும் இடிந்தகரையும் கூட்டப்புளியும் தெரியும். கடலில் போனவர் வெறும் வலையோடு திரும்பி வருகிற முகம் தெரியும். அந்த முகத்துக்கு இரக்கப்பட வைத்துவிட்டு, அடுத்த பக்கத்தில் அதே ஆளைக் கண்டு அருவருக்க வைக்கிறார். ரெண்டையும் சேர்த்துச் செய்வது லேசான காரியம் கிடையாது.

குறை சொல்ல வேண்டுமா, இருக்கிறது. தொடரை 12 இதழோடு நிறுத்திவிட்டார்கள். கடைசி ரெண்டு இதழும், கொடையில் நேரமாகிவிட்டது என்று அண்ணாவி ரெண்டு படலத்தை ஒன்றாகப் பாடி முடிக்கிற மாதிரி ஓடுகிறது. கிழவனோடு இருக்கிற கணக்கு இன்னும் நிதானமாகத் தீர்ந்திருக்கலாம். நாட் என்கிற ஸ்காட்லாந்துக்காரி, பப் வாசலில் அடியாளாக நிற்கிறவள், அருமையான பாத்திரம். ஆனால் அவள் பேசுகிற ஆங்கிலம் நமக்குப் பாதி புரியாது. வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் பிடிபடும். இதைத் தமிழில் யாராவது கொண்டுவந்தால் இந்த நாட் என்கிறவளை நம்ம ஊர்ப் பேச்சில் பேச வைக்க வேண்டும். "ஏல, கான்ஸ்டன்டைனு, சோலியப் பாத்துட்டுப் போல" என்று அவள் சொல்லுவதை நினைத்துப் பார்த்துத் தனியாகச் சிரித்தேன்.

இனி 2024 ஜனவரியில் ஆரம்பித்த தொடர்ச்சி, அமெரிக்கா போகிற கதை. முதலில் 8 இதழ் என்றார்கள், பிறகு 11 ஆக்கினார்கள். அதே ஸ்பரியர், அதே கேம்பெல்தான் பெரும்பாலும். கான்ஸ்டன்டைனின் இதயம் துடிக்கவில்லை. ஆள் செத்துவிட்டான், உடம்பு அழுக ஆரம்பித்துவிட்டது, ஆனால் நடமாடுகிறான். நாட், நோவா என்கிற வாய் பேசாத பையன், இவன், மூன்று பேரும் ஒரு லண்டன் டபுள் டெக்கர் பஸ்ஸில் அமெரிக்காவைச் சுற்றுகிறார்கள். கனவுலக அரசனின் மணல் களவு போய்விட்டது, அதைத் தேடித் தர வேண்டும். கான்ஸ்டன்டைன் 1989இலேயே, அந்த அரசனுடைய கதையான ஸாண்ட்மேன் தொடரில் இதே மணல்பையைத் தேட உதவியவன்தான். ஸ்வாம்ப் திங்கும் வருகிறது.

எனக்கு இது பாதிதான் தேறியது. ஏன் என்று யோசித்தபோது பிடிமண் ஞாபகம் வந்தது. ஊரைவிட்டுப் பிழைக்கப் போகிறவர்கள் சுடலை கோயிலில் பிடிமண் எடுத்துப் போய், போன இடத்தில் பீடம் போடுவார்கள். மாடன் அப்படித்தான் ஊர் ஊராகப் பரவினான். ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர்ச் சங்கதி ஒன்று அவன் கதையில் சேர்ந்துகொள்ளும். தெய்வம் பயணம் போகலாம், தப்பில்லை. ஆனால் போன இடத்தில் உட்கார வேண்டும், அந்த ஊர்க்காரன் ஒருத்தனாவது பயந்து, பொங்கல் வைக்க வேண்டும். இந்த 11 இதழ்களில் பஸ் உட்காரவே மாட்டேன் என்கிறது. ஓர் ஊரின் பேயைப் பழகுவதற்குள் டிரைவர் வண்டியை எடுத்துவிடுகிறார். போதாததற்கு அமெரிக்கா தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிற பொய்கள் பற்றிப் பிரசங்கம் வேறு. லண்டன் கதைகளில் ஸ்பரியர் பிரசங்கம் பண்ணவில்லை, பூங்காவைக் காட்டினார், அது போதுமாக இருந்தது. அவர் பிறந்து வளர்ந்த மண்ணுக்கும் பார்க்கப்போன மண்ணுக்கும் உள்ள வித்தியாசம் என்று நினைக்கிறேன்.

கூத்து என்னவென்றால், கதையே ஒரு பிடி மணலைப் பற்றியது! கடல் தாண்டி வந்த ஒரு பிடி கனவுமண், விழுந்த இடத்திலெல்லாம் என்ன முளைக்கும்? நம்ம ஊர்க் கணியான் கூத்துக்காரரிடம் இந்த ஒரு வரியைக் கொடுத்திருந்தால் விடிய விடிய ஆடியிருப்பார். ஸ்பரியர் அதைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். அழுகிக்கொண்டே நக்கல் பேசுகிற கான்ஸ்டன்டைனுக்காகவும், ஸ்வாம்ப் திங் வருகிற பக்கங்களின் பச்சைக்காகவும் வேண்டுமானால் படி.

300 இதழ் பயம் போக ஒன்று சொல்லுகிறேன். முழுசாகப் படித்தவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர்தான் இருப்பார்கள், நானும் படிக்கவில்லை. ஆனால் 1991இல் கார்த் எனிஸ் எழுதிய 41 முதல் 46 வரையிலான இதழ்களைத் தேடிப் படி. இத்தனை வருஷம் ஊதின சிகரெட்டுக்குக் கணக்குத் தீர்க்கிற கதை, நுரையீரல் புற்றுநோய். பேயும் இல்லை பிசாசும் இல்லை, எக்ஸ்ரே. நரகத்தின் அதிபதிகள் மூன்று பேரில் ஒருவர் ஏற்கெனவே இவன் ஆத்மாவுக்குக் காத்திருக்கிறார்; இவன் அதை மற்ற ரெண்டு பேரிடமும் தனித்தனியாக விற்றுவிடுகிறான். இவன் செத்தால் யாருக்குச் சொத்து என்று மூன்று பேருக்குள்ளும் அடிதடி வரும், நரகமே ரெண்டுபடும். அதனால் வேறு வழியில்லாமல் அவர்களே இவனைக் குணமாக்க வேண்டியிருக்கிறது. வில்லங்கம் இருக்கிற ஒரே வீட்டை ரெண்டு பேருக்குக் கிரயம் பண்ணின கதை! இதைப் படித்தபோது வீட்டில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். 1988 முதல் இதழ்களில் ஜேமி டெலானோ எழுதிய பசிப் பேயும், பிரிட்டிஷ் பிரதமர் தாட்சர் ஜெயித்த தேர்தல் ராத்திரியில் ஆத்மா வியாபாரம் பண்ணுகிற பேய்த் தரகர்களும்கூட நன்றாகவே இருக்கும். அங்கேயும் அதே சங்கதிதான், ஊரும் வழக்கும் இருக்கிறது.

இவ்வளவு கறுப்பு வேண்டாம் என்றால் டைலன் டாக் இருக்கிறது. 1986இல் இத்தாலியில் தொடங்கியது, லண்டனில் அமானுஷ்யம் துப்பறிகிற ஆள். சிவகாசியிலிருந்து லயன் முத்து காரர்கள் தமிழிலேயே போட்டிருக்கிறார்கள். ஹெல்பாய் இன்னொன்று. மைக் மிக்னோலா ஒவ்வொரு நாட்டு நாட்டுப்புறக் கதையாக எடுத்து, அதில் ஒரு சிவப்புத் தோல்காரனை அனுப்பிவைப்பார். 2008இல் வந்த, அப்பலாச்சிய மலைக்காட்டில் நடக்கிற கோணல் மனிதன் கதையை ரிச்சர்ட் கார்பென் வரைந்திருக்கிறார். காரையாறு சொரிமுத்தையனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குப் போய் ராத்திரி காட்டில் தங்கினவர்களுக்கு அது இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஹெல்பிளேசர் எதுவும் பிள்ளைகளுக்கு ஆகாது. கெட்ட வார்த்தை, ரத்தம், படுக்கையறை எல்லாம் உண்டு. உன் மகள் வாசிக்க ஆரம்பித்துவிட்டாள் என்று சொன்னாயே, மேல் தட்டில் வை.

12 இதழும் சிறப்பிதழும் ரெண்டு தொகுதியாகக் கிடைக்கின்றன. ரெண்டாம் தொகுதி என்னிடம் இருக்கிறது, கொடைக்கு ஊருக்கு வரும்போது பாளையங்கோட்டையில் இறங்கி வாங்கிக்கொள். முதல் தொகுதியை ஒருத்தன் "ரெண்டு நாளில் தாரேன் அண்ணாச்சி" என்று வாங்கிப்போய் ரெண்டு வருஷமாகிறது. அதை நீ காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.